அறுபது சொற்கள்

பலகைக்கு அறுபது சொற்கள் என்றார்கள்.
நான்கு மொழிக்கும் அதே அளவு.
தமிழுக்கு இடப்பக்கம், அடியில்,
சைக்கிள்களைச் சாய்த்து வைக்கும் உயரத்தில்.

புக்கித் தீமா நிலையம். செங்கல் சுவர்.
எந்த ரயிலையும் நிறுத்தாத சிக்னல் கைப்பிடிகள்
எண்ணெய் பூசி, வரிசையாக.
நிலைய அதிகாரி குடியிருந்த வீட்டில் இப்போது காப்பி,
கோப்பை எட்டு வெள்ளி.
இரும்புப் பாலத்தின் நடுவில் ஒரு மணப்பெண்;
துரு ஒட்டாமல் அவள் அங்கியின் வாலைத்
தோழிகள் இருவர் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.
ஓடும் வண்டியிலிருந்து நீட்டிய சாவி வளையத்தைத்
தோளில் வாங்கி, அடுத்ததை மாட்டிவிட்ட ஆளுக்குப்
பழைய படங்களில் கை மட்டும் இருக்கிறது.

எனக்கு முன் இந்த வேலையைச் செய்தவர்
ஒரு வரி விட்டுப் போயிருந்தார்:
ரயில் ஊழியர்கள் இங்கு வசித்தனர்.
நான்கு சொல். பிழையில்லை.
பல்லிகூட இங்கு வசித்தது.

ஆவணக் கிடங்கிலிருந்து நகல் வந்தது, ஒரே தாள்.
கூலி லைன், அறை ஒன்பது.
ஆண் நான்கு, பெண் ஒன்று,
ஆடு இரண்டு.
அனுமதியின்றி ஆடு வளர்த்ததற்கு அபராதம் ஐம்பது காசு.
பெண்ணின் பெயரை எழுத்தர்
காதில் விழுந்த மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்:
சடாச்சி என்றும் படிக்கலாம், சடைச்சி என்றும்.
நான் சடைச்சி என்று வைத்துக்கொண்டேன்.
மறுக்க அவளுக்கு வழியில்லை என்பதால்
இரண்டு நாள் தூக்கம் சரியில்லை.

வடிகால் பொறியாளர் குவெக்கோடு தடத்தில் இறங்கினேன்.
மழை விட்டு அரை மணி. லாலாங் இடுப்பளவு.
இந்த ஒடுக்கமான நீளம் முழுதும்
இரண்டாயிரத்துப் பதினொன்று வரை அண்டை நாட்டு ரயில்வே கையில்;
துணி உலர்த்த வேலிக்கு வெளியே எட்டியவள்
கடவுச்சீட்டு இல்லாமலே போய்வந்திருப்பாள்.

குவெக்கின் பட்டியலில் இருபத்தேழாம் வரி:
களை, அகற்றுக.
குனிந்து ஓர் இலையைக் கசக்கினேன்.
கறிவேப்பிலை.
பத்தடி தள்ளி இன்னொன்று. அதற்கும் பத்தடி.
லைன் வீடு போய்விட்டது, ஒரு செங்கல் மீதமில்லை;
கொல்லைக் கதவுகள் மட்டும் வரிசையாகத் திறந்திருந்தன,
இலையாக.
"இதுதான் உங்கள் சமையலறையா?" என்றார் குவெக்,
அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி.
ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு.
எட்டோடு நின்றது.
ஒன்பதாம் இடத்தில் வேறு செடி, வெள்ளைப் பூ,
கசப்பை மூக்கிலேயே சொல்லிவிடும் இலை:
ஆடாதொடை.

நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.
குவெக்குக்கு விளக்க என் மாண்டரின் போதாது.
ஆடு, என்றேன். இதைத் தின்னாது. அதையெல்லாம் தின்றது.

எத்தனை முறை நட்டிருப்பாய், சடைச்சி,
எத்தனை முறை எட்டாம் அறைக்காரியிடம்
ஒரு கொத்துக்குப் போய் நின்றிருப்பாய்.
போகட்டும் தாளிப்பு என்று ஒருநாள்
சரளைத் தூசியில் இருமும் நான்கு பேருக்குக்
கஷாயத்துக்காவது ஆகட்டுமென்று இதை ஊன்றினாய்.
ஆட்டை விடவில்லை.

இருபத்தேழாம் வரியை அடிக்கச் சொன்னேன்.
பென்சிலால் அடித்தார்.
மேலே ஒப்புதல் வேண்டும் என்றார்.

பலகைக்கு ஐம்பத்தெட்டுச் சொல் எழுதினேன்:
பாலம், சிக்னல், ஆண்டு, மலையைக் குடைந்தது,
ஒன்பது அறை, இருமல்.
இரண்டு மிச்சம்.
ஆடு இரண்டு, என்று சேர்த்தேன்.
மலாய்ப் பகுதி எழுதும் ருஸ்னா
இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாள்:
கடைசி வரி தட்டச்சுப் பிழையா?
அப்படியே போடு, என்றேன்.

அபராதத்தை அவள் கட்டினாளா, தெரியவில்லை.
அடுத்த தாளைக் கரையான் தின்றிருக்கிறது.